டிரைவர் தூங்கினாரா?



தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் ஊராட்சியில் உள்ள ஒரு குழு மேல்மருவத்தூர் போக ஏற்பாடு செய்தது. பதினேழு பேர். பதினெட்டு சீட் வேன். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். குழுக் கூட்டத்தில் திட்டம் போட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினால் விடியக்காலை நாலு மணிக்குக் கோயில். லாட்ஜ் செலவு மிச்சம். சாமி கும்பிட்டுவிட்டு சாயங்காலம் கிளம்பினால் நடுராத்திரிக்கு வீடு. ஒரு நாள் கூலியோடு போயிற்று. புளிச்சாதம் யார், எலுமிச்சம்பழச் சாதம் யார் என்று பிரித்தாயிற்று. ஒரு தங்கச்சி, "டிரைவருக்கு தூக்கம் வராம இருக்க ரெண்டு பிளாஸ்க் காபி நான் போட்டுக் கொண்டாறேன்" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா மட்டும் கேட்டார்கள்: "அந்தத் தம்பி அன்னைக்குப் பகல்ல தூங்குவானா?"

யாருக்கும் தெரியவில்லை. ஊக்குநர் உடனே போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கம் பதில் சுத்தமாக வந்தது: "காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஸ்கூல் டிரிப்பு. மதியம் ஒரு காதுகுத்து. சாயந்திரம் திரும்ப ஸ்கூல் டிரிப்பு. அதை முடிச்சிட்டு நேரா உங்களைத்தான் ஏத்துறேன். கவலைப்படாதீங்கக்கா, ரெண்டு டீ குடிச்சா விடிய விடிய ஓட்டிருவேன்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. டீ குடித்தால் ஓட்டிவிடலாம் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். நாமும் நம்புகிறோம். அதனால்தான் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போகிறோம். இந்த மாதப் பாடம் அந்த நம்பிக்கையைப் பற்றித்தான். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து?

டீயிலும் காபியிலும் தூக்கத்தை விரட்டுகிற பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் காஃபீன். அது என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள நாம் தினமும் ஏறுகிற டவுன் பஸ்ஸே போதும்.

காலையில் கண் விழித்த நிமிஷத்திலிருந்து நம் மூளையில் அடினோசின் என்கிற ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. விழித்திருக்கிற நேரம் கூடக் கூட அதுவும் கூடும். மூளையில் அதற்கென்று சீட் இருக்கிறது. அடினோசின் வந்து அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் நமக்குக் கண் சொக்கும், கை கால் தளரும். காஃபீன் என்ன செய்கிறது தெரியுமா? ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதே வேலைதான். அடினோசின் உட்கார வேண்டிய சீட்டில் காஃபீன் துண்டைப் போட்டு வைத்துவிடுகிறது. உட்கார இடம் இல்லாததால் நமக்குத் தூக்கம் தெரிவதில்லை.

ஆனால் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதா? இல்லை. வழியெல்லாம் நிற்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இன்னும் ஏறுகிறது. துண்டை எடுத்ததும் நின்றவர்கள் எல்லாரும் வந்து பொத்தென்று உட்காருவார்கள். டீயின் வேகம் குறையும்போது தூக்கம் முன்னைவிட மோசமாக அழுத்துவது அதனால்தான். இந்தக் கூட்டத்தைக் கீழே இறக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. தூங்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டீ குடித்த உடனே தெம்பு வருகிற மாதிரி இருப்பது சூட்டாலும் சர்க்கரையாலும், வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்ததாலும்தான். காஃபீன் நன்றாக வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு கிளாஸை வைத்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற டிரைவர், அந்த அரை மணி நேரம் தூக்கத்தோடுதான் ஓட்டுகிறார்.

அளவும் ஒரு விஷயம். டீக்கடை சின்ன கிளாஸ் டீயில் சுமாராக 30 முதல் 40 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். தூள், டிகாக்‌ஷனைப் பொறுத்துக் கூடும், குறையும். காபியில் அதைவிட அதிகம். ஆனால் சிக்கரி கலந்த தூள் என்றால் சிக்கரியில் காஃபீன் கிடையாது, அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ராத்திரியில் பஸ் ஸ்டாண்டு ஓரம் சுக்குக் காபி விற்பார்கள். பலரும் அதைத் தூக்கம் போக்கும் என்று நினைத்துக் குடிக்கிறார்கள். சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்ட சுக்குக் காபியில் காஃபீன் துளிகூட இல்லை. தொண்டைக்கு நல்லது, செரிமானத்துக்கும் நல்லதுதான். பெயரில் மட்டும்தான் காபி.

சரி, காபி குடித்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் தொடங்கி வரிசையாகச் சோதனைகள் நடந்தன. நிஜ ரோட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் கார் ஓட்டுகிற மாதிரி அமைப்பில். 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில் ஆட்களை விடியக்காலை ஆறு மணிக்கு ஓட்ட வைத்தார்கள். அரை மணி நேரம் முன்னால் 200 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். நம் கணக்கில் டீக்கடை டீ ஐந்தாறு கிளாஸ். முதல் நாள் ராத்திரி 5 மணி நேரம் தூங்கியவர்களுக்கு அது உதவியது. ஓட்டிய இரண்டு மணி நேரமும் தவறுகள் குறைந்தன. ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களுக்கோ அதே அளவு காஃபீன் முதல் அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கியது. அதற்குப் பிறகு கோட்டை விட்டு விலகினார்கள். ஒரு மணி நேரத்தோடு ஓட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஐந்தாறு கிளாஸ் டீக்கு ஈடான காஃபீனே அரை மணி நேரம்தான் தாங்கியது என்றால், நம் வேன் தம்பி சொன்ன ரெண்டு டீ எந்த மூலைக்கு? நம் வேன் ஏழு மணி நேரம் போக வேண்டும்.

இதற்காக டீயே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவில் தொலைதூர லாரி டிரைவர்களிடம் எடுத்த ஒரு ஆய்வு 2013இல் வந்தது. விழிப்பாக இருக்க டீ, காபி மாதிரி காஃபீன் உள்ளவற்றைக் குடித்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு, குடிக்காதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே ஓரளவு தூங்கி எழுந்த டிரைவருக்கு டீ நல்ல துணை. தூங்காத டிரைவருக்கு அது வெறும் துண்டு.

இப்போது மணிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மனிதர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், அவருடைய கையும் கண்ணும் வேலை செய்கிற வேகம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது சுமார் 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றம்.

நம் தம்பி நாலரை மணிக்கு எழுந்தவர். ராத்திரி ஒன்பதரைக்கு 17 மணி நேரம் முடிந்துவிடும். அதாவது வண்டி நம் ஊர் எல்லையைத் தாண்டும்போதே அவர் அந்த நிலையில் இருப்பார். விடியக்காலை நாலரைக்கு 24 மணி நேரம். குடித்துவிட்டு வந்த டிரைவர் என்றால் நம்மில் ஒருத்தியும் ஏறமாட்டோம், பிள்ளைகளையும் ஏற்றமாட்டோம். சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடுவோம். தூங்காமல் வந்த டிரைவருக்கோ, "பாவம், உழைக்கிற பிள்ளை" என்று சொல்லி காபி ஊற்றிக் கொடுக்கிறோம். பாவம்தான். ஆனால் பதினேழு குடும்பம் பின்னால் உட்கார்ந்திருக்கிறதே.

தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவருக்குத் தான் தூங்கிவிட்டோம் என்பதே தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. மூன்று நாலு விநாடி மூளை தானாக அணைந்து எரியும். கண் திறந்தேகூட இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி என்றால் வண்டி 67 மீட்டர் ஓடிவிடும். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக நட்ட தென்னந்தோப்பில் எட்டு ஒன்பது மரத்தைத் தாண்டுகிற தூரம். அவ்வளவு தூரத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யாரும் இல்லை. எதிரே வருகிற வண்டியோ, ஓரமாக நிற்கிற லாரியோ இருந்தால் பிரேக் போட்ட தடம்கூட இருக்காது. விடியக்காலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரையும் கொஞ்சம் இழுக்கும். நாம் லாட்ஜ் செலவை மிச்சம் பிடிக்கிற நேரம் சரியாக அந்த ஆபத்தான நேரம்.

ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இரண்டையும்கூட லஃப்பரோவில் சோதித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு மேல் இரண்டும் பெரிதாகப் பிரயோஜனப்படவில்லை. முகம் கழுவுவதும் அந்த ரகம்தான். டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவது நம் வழக்கம். அது நல்லதுதான், முன் சீட்டில் விழித்திருக்கிற ஒருத்தி கட்டாயம் வேண்டும். ஆனால் அவள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை பேசுவது அல்ல, பார்ப்பது. அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா, கண்ணைக் கசக்குகிறாரா, வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறதா, திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டாரா, "இப்ப எந்த ஊரு தாண்டுனோம்"னு கேட்டால் முழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும், "தம்பி, ஓரங்கட்டு" என்று சொல்கிற தைரியம் அவளுக்கு வேண்டும். வெட்கமும் தயவும் அங்கே உதவாது.

ஓரங்கட்டச் சொன்னபின் என்ன செய்வது? இங்கேதான் டீ உருப்படியாக உதவும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தக் கூடாது. நின்ற வண்டியில் பின்னாலிருந்து மோதுகிற விபத்தும் நிறைய நடக்கிறது. பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடம், வெளிச்சம் உள்ள ஓட்டல் வாசல், இந்த மாதிரி இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். டிரைவர் ஸ்ட்ராங்காக ஒரு காபி குடிக்கட்டும். குடித்த உடனே சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடட்டும். பதினைந்து இருபது நிமிஷம். நம் கூட்டம் கீழே இறங்கி நின்று அவருக்கு அமைதி கொடுக்க வேண்டும். தூங்குகிற நேரத்தில் மூளையிலுள்ள கூட்டம் கொஞ்சம் இறங்கும். அவர் எழும்போது காஃபீனும் வேலையைத் தொடங்கும் நேரமாகியிருக்கும். 1997இல் இதையும் லஃப்பரோவில் சோதித்தார்கள். காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்தால் நல்ல பலன் தெரிந்தது. ஒரு மணி நேரம் தூங்கினால் நல்லதுதான், ஆனால் எழுந்ததும் ஒரு கிறக்கம் இருக்கும். முகம் கழுவி, நடந்து, கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

ஒடிசா அரசு 2022ஆம் ஆண்டுக் கடைசியில், விடியக்காலை நேரத்தில் லாரி டிரைவர்களுக்குச் சாலையோர ஓட்டல்களில் இலவசமாக டீ கொடுக்க ஏற்பாடு செய்தது. அதோடு அவர்கள் ஓய்வெடுக்க இடமும் தருவோம் என்றது. டீயைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரிய விஷயம் அந்த ஓய்வு இடம்தான்.

இதெல்லாம் ஏதோ வேன் பயணத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டில் லோடு ஆட்டோ ஓடுகிறது? குட்டியானை வாங்க எத்தனை குழுக்களில் உள்கடன் கொடுத்திருக்கிறோம்? காய்கறி மார்க்கெட்டுக்கு ராத்திரி ஒரு மணிக்கு லோடு ஏற்றுகிற வீட்டுக்காரர், பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் வீட்டில் டிவி ஓடும், பிள்ளைகள் கத்தும், விருந்தாள் வருவார்கள். "பகல்ல என்ன தூக்கம்" என்று நாமே எழுப்பிவிடுவதும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு டம்ளர் நிறைய டிகாக்‌ஷன் காபி கொடுத்துவிட்டு, "எட்டு மணிக்குப் படுங்க, ஒரு மணிக்கு எழுப்புறேன்" என்போம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு அது உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்து போவார். போகிற வழியில் தூக்கம் வரும், டீ குடிப்பார், மறுநாளும் தூக்கம் வராது. அடுத்த ராத்திரி இரண்டு டீ. தினமும் ஏழெட்டு டீ குடித்துப் பழகிய உடம்புக்கு டீ தெம்பு கொடுப்பது குறைந்துபோகும். குடிக்காவிட்டால் தலைவலி வரும், குடித்தால் தலைவலி போகும், அவ்வளவுதான் மிச்சம். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் வாங்குகிற மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு டீயை நம்பி ஓட்டுவது இன்னும் மோசம்.

பெண்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பிலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் காஃபீன் வழக்கத்தைவிட வெகுநேரம் தங்கும். காலையில் குடித்ததே ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்பதை நர்சம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இன்னொரு தடவை நானும் சொல்லிவிட்டேன். ஸ்கூட்டியில், டிவிஎஸ் எக்செல்லில் போகிற நம் பெண்களும் டிரைவர்கள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய கண் விழித்துவிட்டு, ஒரு டீயை ஊற்றிக்கொண்டு பால் கேனோடு வண்டியை எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன். ஒரு நாள் சொசைட்டி வாசலுக்கு வந்து நின்ற பிறகு, நடுவில் கடந்த பாலமே எனக்கு நினைவில்லை. அன்றைக்கு அந்தப் பாலத்தில் எதிரே ஒன்றும் வராமல் இருந்தது, அவ்வளவுதான்.

நம் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது, அதையும் பேச வேண்டும். தவணை நாள் நெருங்கினால் வண்டிக் கடன் வாங்கிய வீட்டில் என்ன நடக்கிறது? பகல் டிரிப்போடு ராத்திரி டிரிப்பும் சேர்த்து ஓட்டுகிறார்கள். நாம் நூறு சதவீத வசூல் என்று தீர்மான நோட்டில் பெருமையாக எழுதுகிறோம். அந்த நூறில் யாருடைய தூக்கம் இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு தவணை பத்து நாள் தள்ளிப் போனால் அபராதம் ஐம்பது ரூபாய். வண்டி கவிழ்ந்தால் கடனும் நிற்கும், ஆளும் இருக்கமாட்டார். இந்த வருஷம் எங்கள் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு வைக்கிறோம். வண்டிக் கடனுக்குத் தவணை நாளை மாத வருமானம் வருகிற நாளுக்கு மாற்றலாமா, முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளிக் கட்டினால் அபராதம் வேண்டாம் என்று வைக்கலாமா என்று கேட்கப் போகிறோம். எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது.

மேல்மருவத்தூர் கதைக்கு வருகிறேன். அந்தக் குழு அன்று ஒன்றரை மணி நேரம் பேசியது. "ஒரு நாள் கூலி கூடப் போகுதே" என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், கூலி இல்லாத நாளில் அடுப்பு எரிவது கஷ்டம். கடைசியில் இப்படி எழுதினார்கள்: காலை ஐந்தரைக்குக் கிளம்புவது. முதல் நாள் சாயங்கால ஸ்கூல் டிரிப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு டிரைவர் எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும், அந்த டிரிப்புப் பணத்தைக் குழு கொடுக்கும். ராத்திரி பெண்கள் மண்டபத்தில் தங்குவது, டிரைவருக்கு மட்டும் தனி ரூம். திரும்புவது மறுநாள் காலையில். முன் சீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருத்தி முறை வைத்து உட்காருவது. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 120 ரூபாய் கூடுதல். பிளாஸ்க் காபியை ரத்து செய்யவில்லை. அது டிரைவருக்கு மட்டுமில்லாமல் எல்லாருக்கும் என்று ஆயிற்று.

போய்விட்டு நல்லபடியாகத் திரும்பினார்கள். வாடகை வாங்கும்போது அந்தத் தம்பி சொன்னாராம்: "இந்த ரோட்டுல அம்பது தடவை போயிருப்பேன்க்கா. வழியில என்னென்ன ஊரு இருக்குன்னு இந்தத் தடவைதான் பார்த்தேன்."

குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவோ குடும்பமோ கடைசியாக வேன் பேசியபோது, வாடகை தவிர டிரைவரிடம் என்னென்ன கேட்டீர்கள்? அவர் அன்று எத்தனை மணிக்கு எழுந்தவர், எங்கே படுத்தார்?

உங்கள் வீட்டில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், அவர் பகலில் தூங்க எந்த இடம், எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? அவருக்குக் கடைசி காபி எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்?

உங்கள் குழுவில் வண்டிக் கடன் நிலுவையில் இருக்கிற வீடுகள் எவை? தவணை நாளுக்கு முந்தைய வாரத்தில் அந்த வண்டிகள் எத்தனை ராத்திரி ஓடுகின்றன என்று அந்தச் சகோதரிகளிடம் கேட்டு, பதிலை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.